45 இறாத்தலில் தொடங்கி 25-க்கு இறங்கினேன்: ரிகர்வ் வில்லுடன் நாலரை வருடம்

2021 ஆகஸ்டில் என் முதல் ரிகர்வ் வில்லை, அதாவது நுனிகள் எதிர்ப்பக்கமாக வளைந்த வில்லை, வாங்கினேன். 62 அங்குல நீளம், மரத்தாலான நடுப்பிடி, அதன் மேலும் கீழும் திருகிப் பூட்டும் இரண்டு லிம்புகள், அதாவது வளைந்து கொடுக்கும் வில்லின் கைகள். குறிபார்க்கும் ஊசி, சமநிலைத் தடி எதுவும் இல்லாமல், அம்பைப் பிடியின் விளிம்பிலேயே வைத்து எய்கிற பழைய முறைதான் எனக்கு வேண்டியிருந்தது. விலை ஏறக்குறைய 200 கனேடிய டொலர். வில்லை இழுக்கத் தேவையான பலம் 45 இறாத்தல் என்று லிம்பில் எழுதியிருந்தது. கடையில் என் தோளைப் பார்த்துவிட்டு, "இது உங்களுக்குச் சரியாக இருக்கும்" என்றார்கள். தமிழ்க்கடையில் 40 இறாத்தல் அரிசி மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வருகிறவன் நான். நம்பிவிட்டேன்.

மூட்டை தூக்கும் பலம் வேறு, வில்லை இழுத்துப் பிடிக்கும் பலம் வேறு. இரண்டு தோட்பட்டை எலும்புகளுக்கும் நடுவில் இருக்கும் தசைகள்தான் வில்லைப் பிடித்து வைக்கின்றன. அன்றாட வாழ்க்கையில் அவற்றுக்குப் பெரிய வேலை இல்லை. ஒலிம்பிக் மட்டத்து ஆண் வில்வீரர்களே ஏறக்குறைய 45, 50 இறாத்தல்தான் இழுக்கிறார்கள், அதுவும் வருடக்கணக்கான தினப்பயிற்சிக்குப் பிறகு. இது தெரிந்திருந்தால் அந்தப் பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருப்பேன்.

நான் எய்யப் போவது ரொறன்ரோவில் டொன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் ஈ.ரி. சீற்றன் பூங்காவுக்கு. நகரசபையின் திறந்தவெளி வில்வித்தைத் திடல் அங்கே இருக்கிறது. கட்டணம் கிடையாது. வட அமெரிக்காவில் ஒரு பெருநகரத்துக்குள் இப்படியொரு இடம் கிடைப்பது அரிது. ஸ்காபரோவில் இருப்பவர்கள் பலருக்கு இது பக்கத்தில் இருப்பதே தெரியாது. அதற்காகவே இங்கே எழுதுகிறேன். யாருடைய பெயரில் பூங்கா இருக்கிறதோ அந்த இயற்கை எழுத்தாளர் சிறுவனாக இருந்தபோது சுற்றித் திரிந்ததும் இதே பள்ளத்தாக்கில்தான். காலை ஏழு மணிக்குப் போனால் ஆற்றுச் சத்தமும் நாண் சத்தமும் மட்டும் இருக்கும். எல்லோரும் எய்து முடிக்கும்வரை காத்திருந்து, ஒன்றாகப் போய் அம்புகளைப் பிடுங்கி, ஒன்றாகத் திரும்பி வர வேண்டும். புதிதாகப் போகிறவர்கள் முதலில் பழக வேண்டியது அதைத்தான்.

முதல் எட்டு மாதம் 45 இறாத்தலோடு மல்லுக்கட்டினேன். நாணைக் கடைவாய் வரைக்கும் கொண்டுவந்து, விரல் அங்கே தொட்டதும் ஒரு கணம் நின்று, பிறகு விட வேண்டும். என்னால் கடைவாய்க்கு இரண்டு அங்குலம் முன்னேயே நிறுத்தத்தான் முடிந்தது. குறிபார்க்கையில் அம்பு நுனி இலக்கின் நடு மஞ்சள் வட்டத்துக்கு நேரே வந்த அந்தக் கணமே விரல் தானாக விட்டுவிடும். பத்து அம்பு எய்தால் பத்தும் பத்து நீளத்துக்கு இழுத்தவை. பிறகு எப்படி ஒரே இடத்தில் விழும்? வலது தோளில் ஒரு குத்து தொடங்கி, இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாமல் போனது.

கொழும்புக்குப் போகும்போது பயணப்பெட்டி நிறுக்க வாங்கிய கொக்கித் தராசை ஒருநாள் நாணில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். லிம்பில் எழுதியிருப்பது 28 அங்குலம் இழுத்தால் வரும் எடை. ஓர் அங்குலம் கூடினால் அல்லது குறைந்தால் இரண்டு மூன்று இறாத்தல் மாறும். என் முழு இழுவை 27 அங்குலம். தராசு 42 காட்டியது. நான் உண்மையில் நிறுத்திய இடத்தில் 37. அதையே என்னால் பிடிக்க முடியவில்லை. 2022 ஏப்ரலில் இன்னொரு 100 டொலர் கொடுத்து 25 இறாத்தல் லிம்புகள் வாங்கிப் பூட்டினேன்.

எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். ஆகவில்லை. 25 இறாத்தலைக் குழந்தைபோல இழுக்க முடிந்தது. ஆனால் நுனி மஞ்சளைத் தொட்டதும் விரல் விட்டுவிடும் பழக்கம் அப்படியே இருந்தது. பாரம் போய்விட்டது, பயம் போகவில்லை. பாரமான வில்லால் கெடுவது தோள் மட்டும் என்று இருந்தேன். தோள் ஆறு கிழமையில் ஆறியது. இந்தப் பழக்கம் போக ஒன்றரை வருடம் எடுத்தது. தொடங்க நினைப்பவர்கள் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

திடலில் முப்பது வருடமாக எய்யும் ஒரு முதியவர்தான் வழி சொன்னார். இலக்குத் தாளைக் கழற்றிவிட்டு, வெறும் வைக்கோல் கட்டுக்கு ஆறடி முன்னால் நின்று, கண்ணை மூடி இழு என்றார். சில தடவை எய்யாமலே ஆறுதலாக நாணைத் திருப்பி இறக்கு என்றார். மூன்று மாதம் இலக்குத் தாளே போடவில்லை. சனிக்கிழமைகளில் என் மகளையும் கூட்டிக்கொண்டு போவேன். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. பின்னால் நின்று, கை கடைவாயில் தொட்டதும் சத்தமாக எண்ணுவாள். மூன்று சொன்ன பிறகுதான் நான் விடலாம். "அப்பா, ரெண்டிலேயே விட்டுட்டீங்கள்" என்று அவள் சொல்லாத சனிக்கிழமை வர ஐந்து மாதம் ஆனது. அவள் எண்ணியிராவிட்டால் வில்லை விற்றிருப்பேன்.

அடுத்தது அம்பு. எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாத செலவு இதுதான். விடும்போது அம்பு வளைந்து, பிடியைச் சுற்றிக்கொண்டு போய்ப் பிறகு நேராகிறது. அந்த வளைவு வில்லின் பலத்துக்குப் பொருந்த வேண்டும். காபன் அம்பில் 500, 700 என்று இருக்கும் ஸ்பைன் எண், 28 அங்குல இடைவெளியில் தாங்கி நடுவில் 880 கிராம் தொங்கவிட்டால் எவ்வளவு வளைகிறது என்பதன் அளவு. 500 என்றால் அரை அங்குலம். எண் கூடக் கூட அம்பு மென்மையானது. 45 இறாத்தலுக்கு வாங்கிய 500 அம்புகள் 25 இறாத்தலில் பிடியில் மோதிச் சத்தம் போட்டன. 900-க்கு மாறியதும் அந்தச் சத்தம் நின்றது. இப்போது 35 இறாத்தலுக்கு 700. லிம்ப் மாற்றினால் அம்பும் மாற வேண்டும் என்று முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொருத்தம் பார்க்கும் முறை அழகானது. இறகுள்ள மூன்று அம்பும் இறகு உரித்த ஓர் அம்பும் 15 மீற்றரில் எய்ய வேண்டும். வலக்கைக்காரருக்கு, உரித்த அம்பு மற்றவற்றுக்கு இடப்பக்கம் போனால் விறைப்பு அதிகம். வலப்பக்கம் போனால் மென்மை அதிகம். அம்பை நீளமாக விட்டாலும், முனையைப் பாரமாக்கினாலும் அது மென்மையாக நடந்துகொள்ளும். ஆகவே வாங்கியதும் வெட்டாதீர்கள். ஆனால் விடுகை ஒழுங்காகும்வரை இந்தச் சோதனை பொய் சொல்லும். நான் முதல் வருடமே செய்து, அம்பைக் குறைசொல்லி, நல்ல ஆறு அம்புகளை வெட்டிக் கெடுத்தேன்.

விளிம்பில் வைத்து எய்வதற்கு, அம்பின் வாலில் ஒட்டும் பிளாஸ்ரிக் செட்டை சரிவராது. பிடியில் பட்டு அம்பைத் தள்ளிவிடும். வான்கோழி இறகு மடங்கிக் கொடுக்கும். மழையில் நனைந்தால் படுத்துவிடும் என்பதுதான் அதன் குறை. காபன் அம்பை ஒவ்வொரு தடவையும் இரு கையாலும் லேசாக வளைத்து, வெடிப்புச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்த பிறகே நாணில் வையுங்கள். வெடித்த அம்பு கைக்குள் போகும்.

வில் இந்த நாலரை வருடத்தில் நன்றாகவே உழைத்திருக்கிறது. காலுக்குள் விட்டு வளைத்து நாணேற்றினால் லிம்ப் முறுகிவிடும். அதற்கென்று உள்ள கயிற்றைப் பயன்படுத்துங்கள். அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது. வெயிலில் காருக்குள் வைக்கக் கூடாது. நாண் இரண்டு மாற்றினேன், மெழுகு அவ்வப்போது. நடுப்பிடிக்கும் நாணுக்கும் இடையில் ஏழரை முதல் எட்டு அங்குலம் இருக்கும்படி நாணை முறுக்கி வைக்கிறேன்; சத்தம் எங்கே ஆகக் குறைகிறதோ அதுதான் சரியான அளவு. கைக்கவசத்துக்கும் விரலைக் காக்கும் தோலுறைக்கும் சிக்கனம் பார்க்காதீர்கள். மாரியில் தடித்த ஜக்கெற் கை நாணில் அடிபடும். கவசத்தை ஜக்கெற்றுக்கு மேலே கட்டுங்கள். பனிக்குள் போன அம்பு ஏப்ரலில்தான் கிடைக்கும்.

25, பிறகு 30, 2024 கோடையிலிருந்து 35. இதற்கு மேலே போக எனக்குத் தேவை இல்லை. 20 மீற்றரில் ஆறு அம்புகளும் பெரும்பாலும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் அடங்கும்.

போன மாதம் திடலில் ஒரு தம்பி, 45 இறாத்தல் லிம்பை விற்பீர்களா அண்ணை என்று கேட்டார். எவ்வளவு காலமாக எய்கிறீர்கள் என்றேன். வாற கிழமைதான் தொடங்கப் போகிறாராம். 25-ஐக் கொண்டுவந்து இரவலாகக் கொடுத்தேன்.