28 அறை மாத்திரைப் பெட்டி: மனநல மருந்துக்குச் சரிப்படுமா?

மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சாதாரண பிளாஸ்டிக் பெட்டிதான். 7 நாள், நாளுக்கு 4 அறை. லித்தியம் (இருதுருவ மனநோய்க்குத் தரும் மருந்து) சாப்பிடுகிறவர்களுக்கு நன்றாகவே உதவும். அறை காலியாக இருந்தால் மாத்திரை போட்டாச்சு என்று அர்த்தம், மறந்துபோய் இரண்டாம் முறை விழுங்கும் ஆபத்து குறையும். லித்தியத்தில் இது சின்ன விஷயமில்லை. ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் போதும், 1.5-ஐத் தாண்டினால் மூளையைத் தாக்கும். கை நடுக்கம் கூடும், பேச்சு குழறும், நடை தள்ளாடும். வாந்தி, வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொள்ளும். அப்போது அடுத்த வேளையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். லித்தியம் அளவு பார்க்கும் ரத்தப் பரிசோதனை கடைசி வேளைக்கு 12 மணி நேரம் கழித்து என்பதால், அன்று காலை அறையை ரத்தம் கொடுத்த பிறகே திறக்கவும்.

மூடி இறுக்கமில்லை என்பது பெரிய குறை. அதே நோய்க்குத் தரும் இன்னொரு மருந்தான சோடியம் வால்ப்ரோயேட் ஈரத்தை இழுக்கும். அட்டையிலிருந்து பிரித்துப் போட்டால் பிசுபிசுத்துப்போகும். அட்டையோடு கத்தரித்துப் போடுவதும் வேண்டாம், குழப்பத்தில் இருப்பவர் அப்படியே விழுங்கினால் தொண்டையைக் கிழிக்கும். அட்டையை வெளியே வைத்து, அறைக்குள் அதை நினைவூட்டும் ஒரு துண்டுச்சீட்டு போடுங்கள்.

பூட்டும் கிடையாது. தற்கொலை எண்ணம் உள்ளவர் இருக்கும் வீட்டில் ஒரு வார மருந்து கைக்கெட்டும் இடத்தில் இருக்கவே கூடாது. பீரோவில் பூட்டி, வேளைக்கு வேளை எடுத்துக் கொடுத்து, விழுங்கியபின் நாக்கடியையும் கன்னத்து உட்புறத்தையும் பார்த்துவிடுங்கள்.