இருட்டுச் சாலையில் ஹெட் டார்ச்: மூன்று வருட சைக்கிள் அனுபவம்

அம்பாசமுத்திரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். ஷட்டரை இறக்கும்போது இரவு மணி பத்தாகிவிடும். அங்கிருந்து வீடு ஒன்பது கிலோமீட்டர். ஊர் எல்லை தாண்டினால் தெருவிளக்கு கிடையாது. இரண்டு பக்கமும் வயல், நடுவே ஒரு குளத்தங்கரை, வழியெல்லாம் மருத மரம். நிலா இல்லாத நாளில் கையை நீட்டினால் கை தெரியாது. இந்தப் பாதையில் மூன்று வருடமாகத் தலையில் டார்ச் மாட்டிக்கொண்டுதான் சைக்கிள் ஓட்டுகிறேன்.

நான் வாங்கியது 1,450 ரூபாய். அட்டையில் வெளிச்ச அளவு 300 லூமன் என்று போட்டிருந்தது. நெற்றியில் விளக்கு, பின்மண்டையில் பேட்டரிப் பெட்டி, அதற்குள் 18650 எனப்படும் அளவில் சார்ஜ் ஏற்றக்கூடிய ஒரு லித்தியம் செல். செல்லைக் கழற்றி மாற்றலாம் என்பதற்காகவே இதை எடுத்தேன்.

முதல் சில வாரம் ரொம்பவும் பிடித்துப்போனது. ஹேண்டில்பார் லைட் சக்கரம் போகிற பக்கம்தான் காட்டும்; வளைவில் அது வயலைப் பார்த்து நிற்கும்போது, தலை டார்ச் நான் திரும்பிப் பார்க்கிற இடத்தில், வளைவுக்குள்ளேயே வெளிச்சம் போடும். அதைவிடப் பெரிய விஷயம் கண்கள். இரவில் தார்ச்சாலையின் சூட்டுக்காக எருமைகள் வந்து படுத்துக்கொள்ளும். கறுப்புச் சாலையில் கறுப்பு எருமை, பத்தடி வரும்வரை தெரியாது. தலை டார்ச் போட்டால் தூரத்திலேயே அதன் கண்கள் இரண்டும் மினுங்கிவிடும். நாய், பூனை எல்லாம் அப்படித்தான். சாலையோரப் புல்லில் பனித்துளி மாதிரி சின்னச் சின்னதாக மின்னுவதை முதலில் பனி என்றே நினைத்தேன். இறங்கிக் கிட்டே போய்ப் பார்த்தால் சிலந்திகளின் கண்கள்! இந்த மாதிரி விலங்குகளின் கண் வெளிச்சத்தை வந்த வழியிலேயே திருப்பி அனுப்பும். விளக்கு நம் கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதால் அது நேராக நம்மிடமே வந்து சேருகிறது.

இதே காரணம்தான் இரண்டாவது மாதம் என்னைக் கீழே தள்ளியது.

குளத்தங்கரை இறக்கத்தில் ஒரு பள்ளம். வெளிச்சம் அதன்மேல் நன்றாகவே விழுந்தது, ஆனால் பள்ளமென்று தெரியவில்லை. முன்சக்கரம் உள்ளே போய், முழங்கையில் ஐந்து தையல். மறுவாரம் அதே இடத்தில் நின்று, டார்ச்சை நெற்றியில் வைத்தும், கழற்றி இடுப்பு உயரத்தில் பிடித்தும் பார்த்தேன். நெற்றியில் இருக்கும்போது சாலை ஒரே சமமாக, வரைந்து வைத்த படம் மாதிரி இருக்கிறது. கையை இறக்க இறக்கப் பள்ளத்தின் விளிம்பில் நிழல் விழுந்து, குழி குழியாக எழுந்து வருகிறது. பள்ளத்தை நமக்குக் காட்டிக்கொடுப்பது நிழல். விளக்கும் கண்ணும் ஒரே இடத்தில் இருந்தால் நிழல் பொருளுக்குப் பின்னாலேயே மறைந்துபோகும்.

அப்பாவிடம் சொன்னபோது, தன் பழைய சைக்கிள் டைனமோவின் மஞ்சள் வெளிச்சம் மங்கலாக இருந்தாலும் மேடு பள்ளம் தெரியும் என்றார். முன்னும் பின்னும் சேர்த்து 3 வாட்தான் அது. ஆனால் விளக்கு ஹேண்டிலுக்குக் கீழே இருக்கும். அதனால் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில், அச்சுக்குச் சற்று மேலே ஒரு சாதாரண லைட்டைக் கட்டினேன். அப்புறம் பள்ளத்தில் விழவே இல்லை. மாசியில் பிசானப் பருவ அறுவடை முடிந்து சாலையில் நெல்லைக் காயப்போட்டுச் சுற்றிக் கல் வைத்திருப்பார்களே, அந்தக் கற்களின் நிழல்கூட ஒரு முழத்துக்கு நீண்டு தெரிகிறது. பின்னால் வரும் வண்டியைத் திரும்பிப் பார்த்தால் தலை டார்ச்சும் கூடவே திரும்பி முன்பக்கம் இருட்டாகிவிடும். அந்தச் சிக்கலும் தீர்ந்தது.

எதிரே வருகிறவர்கள் விஷயம். ஒருவரைப் பார்த்தால் அவர் கண்ணிலேயே வெளிச்சம் அடிக்கிறோம். ஒருநாள் ஒரு பெரியவர் சைக்கிளை நிறுத்தி, “ஏ தம்பி, லைட்டக் கீழ எறக்குப்பா, ஒண்ணுமே தெரியல” என்றார். அவர் ஓரத்து மண்ணில் இறங்கித் தடுமாறி நின்றதைப் பார்த்ததும் எனக்குச் சங்கடமாகிவிட்டது. இப்போது வெளிச்சத்தைக் குறைந்த அளவில் வைத்து, டார்ச்சைக் கீழ்நோக்கிச் சாய்த்திருக்கிறேன். எதிரே ஆள் வந்தால் தலையை இடதுபக்கமாகக் குனிந்துகொள்வேன். இதைச் செய்ய மனமில்லாதவர்கள் தயவுசெய்து தலையில் டார்ச் மாட்டிக்கொண்டு சாலைக்கு வர வேண்டாம்.

ஐப்பசி மழைக்கு மறுநாள் ஈசல் நேராக முகத்துக்கு வரும். பவர் இல்லாத வெள்ளைக் கண்ணாடி ஒன்று பையில் இருக்கட்டும். மார்கழி மூடுபனியில் தலை டார்ச் உதவாது. கண்ணுக்கு முன்னால் வெள்ளைச் சுவர் எழுப்பியதுபோல் ஆகிவிடும். அதை அணைத்துவிட்டு ஃபோர்க் லைட்டை மட்டும் வைத்துக்கொண்டு மெதுவாகப் போவேன்.

பேட்டரிக்கு வருகிறேன். புதிதில் நடு அளவு வெளிச்சத்தில் நான்கு மணி நேரம் வந்தது. இரண்டரை வருடத்தில் அது பாதியாகக் குறைந்தது. மூன்று நாளுக்கு ஒருமுறை சார்ஜ் என்றால் முந்நூறு தடவைக்கு மேல் ஏற்றியாகிவிட்டது, அதனால் குறை சொல்ல மாட்டேன். மாற்று செல் வாங்கியபோதுதான் ஏமாந்தேன். உறையில் கொள்ளளவு 9,900 எம்ஏஹெச் என்று போட்டிருந்தது, ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. இந்த அளவு செல்லில் நல்ல தயாரிப்புகளே பெரும்பாலும் 3,500 அளவில்தான் நிற்கும். பக்கத்து நகைக்கடைத் தராசில் இரண்டையும் வைத்துப் பார்த்தோம். பழையது 46 கிராம், புதியது 31. உறையில் 3,500-ஐ விட ரொம்ப அதிகமாக எழுதியிருந்தால் வாங்காதீர்கள். கையில் எடுத்து லேசாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

எலாஸ்டிக் பட்டை வியர்வையில் ஒன்றரை வருடத்தில் தொய்ந்துவிட்டது. ஞாயிறுதோறும் சோப்புத் தண்ணீரில் அலசிப் போட்டால் நெற்றியில் அரிப்பு வராது. இந்த டார்ச்சின் தண்ணீர்த் தடுப்புத் தரம் ஐபிஎக்ஸ்4; அப்படியென்றால் தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும் என்பதுதான் கணக்கு, அதற்கேற்ப சாதாரண மழையில் ஒன்றும் ஆகவில்லை. சார்ஜ் துளையின் ரப்பர் மூடி கிழிந்த பிறகு உள்ளே பச்சை பூத்தது. மழையில் நனைந்தால் வீட்டுக்கு வந்ததும் செல்லைக் கழற்றித் துடைத்து வைப்பேன். செயின் கழன்ற இரவுகளில் இரண்டு கையும் சும்மா இருப்பது எவ்வளவு நிம்மதி என்பது இருட்டில் ஒருமுறை மாட்டியவருக்குத்தான் தெரியும்.

பேட்டரிப் பெட்டியில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கும் உண்டு. அதை நம்பாதீர்கள். குனிந்து மிதிக்கும்போது அது வானத்தைப் பார்க்கிறது. சீட்டுக்குக் கீழே தனியாக ஒரு சிவப்பு விளக்கு கட்டியிருக்கிறேன், 180 ரூபாய்.