ஒரிகன் பாதை: மாடா, கோவேறு கழுதையா?

அமெரிக்கக் குடியேறிகளின் கூண்டு வண்டி என்றதும் படகு மாதிரி முனை தூக்கிய கானஸ்டோகாவைத்தான் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்துச் சரக்கு வண்டி. பல டன் தாங்கும், ஆறு குதிரை வரை பூட்டுவார்கள். சான்டா ஃபே நகருக்குச் சரக்கு ஏற்றிப்போன வணிகர்களுக்கு அந்த ரகப் பெருவண்டி ஒத்துவந்தது. 1840-களில் மிசோரியின் இண்டிபெண்டன்ஸிலிருந்து மேற்குக் கரை ஒரிகனுக்கு 3,200 கிலோமீட்டர் கிளம்பிய குடும்பத்துக்கு அது ஆகாது. வெறும் வண்டியை இழுத்தே மாடு ஓய்ந்துவிடும். அவர்கள் கொண்டுபோனது பெரும்பாலும் சாதாரணப் பண்ணை வண்டி: சுமார் 10 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி உயரப் பலகைப் பெட்டி. மேலே ஐந்தாறு வளைந்த கம்புகள், அவற்றின் மீது ஆளிவிதை எண்ணெய் ஊறிய பருத்தித் துணி.

இதில் ஒரு டன்னுக்கு மேல் ஏற்றினால் வம்பு. அன்றைய வழிகாட்டிக் கணக்குப்படி ஒரு ஆளுக்கு 90 கிலோ மாவு, 68 கிலோ பன்றிக் கொழுப்பிறைச்சி, 9 கிலோ சர்க்கரை, காபியும் உப்பும் நாலரை கிலோ வீதம். நாலு பேருக்கு இதுவே 700 கிலோ தாண்டிவிடும். மிச்சமுள்ள 300 கிலோவுக்குள் கோடாரி, படுக்கை, சட்டி, உதிரி அச்சு எல்லாம் அடங்க வேண்டும். மனிதர்கள் நடந்தே போனதற்கு முதல் காரணம் இதுதான். வில் இல்லாத வண்டியின் குலுக்கல் இரண்டாவது.

ஆக, வண்டியில் யோசிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. எதைப் பூட்டுவது என்பதில்தான் சண்டை. வேகத்தில் கோவேறு கழுதைக்குப் போட்டியே கிடையாது: நல்ல தரையில் நாளைக்கு 30 கிலோமீட்டர் போகும், மாடு 24-ஐத் தொட்டால் பெரிது. ஆனால் விலை? 1859-இல் ராணுவ அதிகாரி ராண்டால்ஃப் மார்சி போட்ட கணக்கில் ஆறு கோவேறு கழுதைக்கு 600 டாலர், எட்டு மாட்டுக்கு 200. கழுதைக்குக் கழுத்துப்பட்டை, வார், கடிவாளம் எனத் தோல் சாமான் தனிச் செலவு. மாட்டுக்கு ஒரு நுகத்தடி போதும், கடிவாளமே இல்லை. இடப்பக்கம் நடந்தபடி 'ஜீ' என்றால் வலம், 'ஹா' என்றால் இடம். அந்த மாடுகளுக்குத் திமில் கிடையாது. அதனால் நம்மூர் போல நுகத்தை வைத்துப் பூட்டாங்கயிறு மாட்டினால் நிற்காது. வளைத்த ஹிக்கரி மரக் கம்பை U வடிவில் கழுத்தைச் சுற்றி நுகத்துக்குள் செருகுவார்கள்.

விலையைவிடப் பெரிய விஷயம் தீனி. சமவெளியில் கிடைப்பது வெறும் புல். ஜூலைக்குப் பிறகு அதுவும் காய்ந்த சருகு. அசைபோடும் மாடு அதிலேயே உடம்பைப் பிடித்து நிறுத்தும். தானியம் இல்லாத கழுதை கடும் சுமையில் வாரக்கணக்கில் வற்றிக்கொண்டே வரும். அதனால்தான் 1,600 கிலோமீட்டருக்குள், இறுகிய சாலை என்றால் கழுதை, 2,400 கிலோமீட்டருக்கு மேல் போனாலோ மணலும் சேறும் என்றாலோ மாடு என்பது மார்சியின் தீர்ப்பு. என் கட்சியும் அதுவே. இரவில் மிரண்டு ஓடினாலும் குதிரையில் போய் மாட்டைப் பிடித்துவிடலாம்.

மாட்டின் பலவீனம் குளம்பு. பாறைத் தரையில் தேய்ந்து நொண்டத் தொடங்கும். பிளந்த குளம்பு என்பதால் காலுக்கு இரண்டு லாடம், மொத்தம் எட்டு. கழுதை மூன்று காலில் நிற்கும், மாடு நிற்காது. நம்மூரில் செய்வதுபோலக் கயிறு போட்டுச் சாய்த்துத்தான் அடிக்க வேண்டும். இறக்கமும் மாட்டுக்குக் கஷ்டம்: பின்னிழுக்க வார் இல்லாததால் வண்டி தள்ளத் தள்ள நுகம் கொம்புப் பக்கம் ஏறும். நெப்ராஸ்காவின் ஆஷ் ஹாலோவில் சக்கரத்தைச் சங்கிலியால் கட்டி, பின்னாலிருந்து ஆட்கள் வடம் பிடித்து இறக்கினார்கள்.

எதைப் பூட்டினாலும் தப்பாத தொல்லை சக்கரம். பிளாட் ஆற்றைத் தாண்டியதும் காற்று வறண்டு மரம் சுருங்கும், இரும்புப் பட்டை கழன்று ஆடும். இரவில் சக்கரத்தைக் கழற்றி ஆற்றில் ஊறவைப்பது ஒரு நாளைக்குத்தான் தாங்கும். சக்கரத்தின் மர விளிம்பான வட்டைக்கும் இரும்புப் பட்டைக்கும் நடுவே மர ஆப்பு அடிப்பது சில நாள். பட்டையைச் சிவக்கக் காய்ச்சி, மேலே மெல்லிய மரப்பட்டி கட்டிய வட்டையில் மாட்டி, நீர் ஊற்றி இறுக்குவதே சரியான வைத்தியம். பின் அச்சில் தொங்கும் வாளியில் பைன் தாரும் கொழுப்பும் குழைத்த வண்டி மை தீர்ந்தால் அச்சு கருகும்.

விலங்கே வேண்டாமென்று 1856 முதல் 1860 வரை யூட்டாவுக்குக் குடிபெயர்ந்த மார்மன் மதப் பிரிவினர் சுமார் 3,000 பேர் கைவண்டி இழுத்தார்கள். ஆளுக்கு 17 பவுண்டு சாமான்தான். முதல் வருடம் தாமதமாகக் கிளம்பிய இரண்டு குழுக்கள் வயோமிங் பனியில் சிக்கி 200 பேருக்கு மேல் இறந்தார்கள். பச்சை மரத்தில் அவசரமாகச் செய்த வண்டிகள் வழியெல்லாம் உடைந்ததும் ஒரு காரணம்.

மாடு பூட்டியவருக்கு இன்னொரு தெம்பு உண்டு. வண்டிக்குப் பின்னால் ஓட்டிவரும் கறவைப் பசு பால் தரும். வாளியை வண்டியில் தொங்கவிட்டால் குலுக்கலிலேயே சாயங்காலம் வெண்ணெய் திரண்டிருக்கும். உவர்நீர் குடித்து ஒரு மாடு சாய்ந்தால் அதே பசுவை நுகத்தில் மாட்டி மறுநாள் கிளம்பலாம்.