கழுத்து இழுப்புக்குப் பாதி விலையில் ஊசி: ராமநாதபுரம் பக்கம் உள்ளவர்கள் கவனிக்கவும்

கழுத்து திருகிக்கொள்ளும் டிஸ்டோனியாவுக்கோ, கண் இமை தானாக இறுக மூடிக்கொள்வதற்கோ போடாக்ஸ் ஊசி போட இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

சித்தப்பா மண்டபத்தில் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். தலை வலப்பக்கமே இழுத்துக்கொண்டு போகும். தாடையில் ஒரு விரலை வைத்தால் நேராகும், எடுத்தால் பழையபடி திரும்பிவிடும். ஏர்வாடிக்குக் கூட்டிப்போகச் சொன்னவர்களும் உண்டு. மதுரையில் நரம்பு டாக்டர்தான் டிஸ்டோனியா என்று கண்டுபிடித்தார். இழுக்கும் தசைகளில் பொட்டுலினம் ஊசி (போடாக்ஸ் என்பது இதன் ஒரு பிராண்ட்) போட்டால் சுமார் மூன்று மாதம் தாங்கும், அப்புறம் திரும்பப் போடணும் என்றார். செலவைக் கேட்டுச் சித்தி தயங்கிய நேரத்தில், ராமநாதபுரத்தில் ஓர் அழகு சிகிச்சை கிளினிக்கில் "அதே மருந்து, பாதி விலை" என்றார்கள்.

அங்கே மருந்து பாட்டிலைக் கண்ணில்கூடக் காட்டவில்லை. ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்த சிரிஞ்சை ஒரு பெண் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். அதில் லேபிள் கிடையாது. "இதுக்கு ஐஸ் வேண்டாமாம்மா?" என்று கேட்டதே சித்தப்பாதான். மீன் கம்பெனிக்காரர் அல்லவா! காலையில்தான் மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்தது, ஒன்றும் ஆகாது என்று பதில் வந்தது. எந்தத் தசை இழுக்கிறது என்று கழுத்தைத் தொட்டும் பார்க்காமல், இரண்டு பக்கமும் சரிசமமாகக் குத்தி அனுப்பிவிட்டார்கள். எத்தனை யூனிட் என்று கேட்டால் "ஃபுல் டோஸ்".

இந்த மருந்து சில நாளில் வேலையைத் தொடங்கிவிடும், அதிகம் போனால் இரண்டு வாரம். அதைத் தாண்டியும் கழுத்து இழுப்பு இம்மியும் குறையவில்லை. கேட்டதற்கு, "பூஸ்டர் போடலாம், கூட்டிட்டு வாங்க" என்றார்கள். மதுரை டாக்டர் கோபப்பட்டார். அடுத்தடுத்து போட்டால் உடம்பு எதிர்ப்பு சக்தி உண்டாக்கி, பின்னால் நல்ல மருந்தும் பலிக்காமல் போகலாமாம். மருந்து பாட்டிலில் பொடியாகத்தான் வரும், 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்கணும், உப்பு நீரில் கரைத்தால் 24 மணி நேரத்துக்குள் போட்டுவிடணும் என்றார். போடாக்ஸில் 100 யூனிட் என்பதும், டிஸ்போர்ட் என்ற இன்னொரு பிராண்டில் 100 யூனிட் என்பதும் ஒன்றல்லவாம். அதனால் பிராண்டும் யூனிட்டும் தெரியாமல் அடுத்த டாக்டர் கணக்குப் போட முடியாது.

சித்தப்பாவுக்கு வெறும் தண்ணீர்தான் போனதோ என்னவோ. அசல் மருந்தே தப்பான இடத்தில், அளவு மீறிப் போயிருந்தால் விழுங்க முடியாமல், மூச்சுத் திணறிப் போயிருக்கும். ஊசிக்குப் பிறகு யாருக்காவது அப்படி ஆனால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். அடுத்த தடவை தள்ளுபடி தருகிறார்களாம்! என்ன போட்டார்கள் என்றே தெரியாததால், மூன்று மாதம் கழியாமல் மதுரையிலும் ஊசி போட மாட்டார்கள். நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் மனு கொடுக்க உட்கார்ந்தோம். மருந்துப் பெயரும் பேட்ச் எண்ணும் எழுதலாமென்று பில்லை எடுத்தால், அதில் இருப்பது "ஊசி - 1" மட்டும்தான்.