குழியை மூடும் முன் தண்ணீர் விட்டுப் பாருங்கள்

ஐப்பசி மழைக்கு முன்னால் வீட்டில் குழாய் வேலை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் ஏமாந்தது போல இன்னொரு வீடு ஏமாறக் கூடாது.

எங்கள் வீடு செங்கோட்டையிலிருந்து புளியரை போகிற வழியில். ஜூன் தொடக்கத்தில் கேரளாவில் பருவமழை இறங்கினால் ஆரியங்காவு கணவாய் வழியாக எங்களுக்கும் சாரல் வந்துவிடும். அதற்குள் முடித்துவிடலாம் என்றுதான் ஏப்ரல் கடைசியில் பழைய கழிவுக் குழாயை மாற்றினோம். மண் குழாய்க்குள் தென்னை வேர் புகுந்து மாதம் ஒருமுறை அடைத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் வெளியூரில் வேலை. நான்தான் ஆள் பேசினேன், 42,000 ரூபாய்.

வந்த காண்ட்ராக்டர் கனமான நாலு இஞ்ச் குழாய்த் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்துத் தட்டிப் பார்க்கச் சொன்னார். "அக்கா, இது நம்ம வீட்டு வேல மாதிரி. நீங்க கடைக்கெல்லாம் அலைய வேண்டாம்." அந்தப் பேச்சில்தான் விழுந்தேன். மூன்றாம் நாள் வேலை முடிந்து வீடு திரும்பினால் குழி மூடி, மேலே சிமெண்டும் பூசி, காசுக்கு நின்றார்கள். முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தேன்.

மே முழுக்க ஒரு குறையும் தெரியவில்லை. ஜூன் இரண்டாவது வாரம், விடாமல் பெய்த ஒரு ராத்திரி, இரண்டு மணி இருக்கும். குளியலறையில் குளுக் குளுக் என்று சத்தம். லைட்டைப் போட்டேன். தரையில் உள்ள ஜாலி மெல்லத் தூக்கித் தூக்கி விழுந்தது. அதன் ஓரத்திலிருந்து முதலில் சோப்பு நுரை, பிறகு முடிச்சுருள், பிறகு கறுப்புத் தண்ணீர். கக்கூஸ் கோப்பையும் விளிம்பு வரை ஏறியிருந்தது. மூட்டு ஆபரேஷன் முடிந்து பக்கத்து அறையில் படுத்திருந்த அம்மாவின் கட்டில் கால் வரை அது வந்துவிட்டது. அம்மாவைத் தூக்கி உட்கார வைக்கக்கூட ஆள் இல்லாமல், பழைய சேலைகளைச் சுருட்டி வாசலில் அணை போட்டுக்கொண்டு விடிய விடிய நின்றேன்.

காலையில் போன் பண்ணினால், "மழ விடட்டும்க்கா, வந்து பாக்கேன்." அடுத்த நாளிலிருந்து போனையே எடுக்கவில்லை.

1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர் எங்களுடையது. இன்றும் கேரளாவில் உள்ள தென்மலை, ஆரியங்காவு பக்கத்திலிருந்து வேலைக்கு ஆட்கள் வருவார்கள். அப்படி வந்த ஒரு வயதான பிளம்பர்தான் கடைசியில் கைகொடுத்தார். அவர் கேட்ட முதல் கேள்வியே, "குழி மூடுந்நதினு முன்பு வெள்ளம் ஒழிச்சு நோக்கியோ?" தண்ணீர் ஊற்றிப் பார்த்தீர்களா என்று. எனக்குப் பதில் இல்லை.

தோண்டினார். பி டைப் என்று காட்டிவிட்டு உள்ளே போட்டிருந்தது ஏ டைப். அது மழைத் தண்ணீருக்கும் காற்றுக் குழாய்க்கும் உள்ள மெல்லிய ரகம். கழிவுக்குப் போட வேண்டியது பி. குழாயின் மேலேயே அச்சடித்திருக்கும், நான் பார்க்கவில்லை. இரண்டு இணைப்பில் பசையே இல்லை, கையால் இழுத்ததும் வந்தது. பத்தடிக்கு இரண்டரை, மூன்று அங்குலமாவது இறக்கம் வேண்டும். இங்கே நடுவில் குழாய் தொட்டில் போலத் தொய்ந்து கிடந்தது. இதையெல்லாம்விடப் பெரிய அநியாயம் ஒன்று: மொட்டை மாடி மழைத் தண்ணீரைத் தெருக் கால்வாய்க்குத் தனியாகக் கொண்டு போகச் சொல்லிப் பணம் கொடுத்திருந்தேன். நாற்பதடிக் குழாயை மிச்சம் பிடிக்க அதையும் செப்டிக் டேங்க் லைனிலேயே செருகிவிட்டார்கள். மாடியில் விழுந்த மழை அவ்வளவும் டேங்குக்குள் இறங்கினால் கழிவு எங்கே போகும்? வீட்டுக்குள்தான் திரும்பும்.

இதைக் கனடாவில் இருக்கும் சின்னம்மா மகளிடம் சொன்னேன். அங்கே பனிக்காலம் முடிந்து உருகும்போதுதான் குட்டு வெளிப்படும் என்றாள். தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும், குழாய் பிளக்கும். ஆனால் அந்தப் பனிக்கட்டியே விரிசலை அடைத்துக்கொண்டிருப்பதால் உருகும் வரை ஒழுகாதாம். அதனால் வெளிக் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே எங்காவது ஒழுகுகிறதா என்று பார்ப்பார்கள். நிலவறையில் சேரும் தண்ணீரை வெளியே தள்ளும் மோட்டார் ஓடுகிறதா என்று ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார்கள். நமக்குக் கோடைதான் அந்தப் பனி. காய்ந்து கிடக்கிற வரை எல்லா வேலையும் நல்ல வேலையாகத்தான் தெரியும்.

பிளம்பர் பெரியவர் புதுக் குழாய் போட்டு, கீழ்முனையை அடைத்து, மேல் வரை தண்ணீர் நிரப்பி, மட்டத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தோம். கோடு நின்ற இடத்திலேயே தண்ணீர் நின்றது. ஒவ்வொரு இணைப்பிலும் உலர்ந்த காகிதத்தை ஒற்றியும் பார்த்தார். அப்புறம்தான் மணல் போட்டு மூடச் சொன்னார். மூடும் முன் டேப்பைப் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னார், நாளைக்கு எங்கே தோண்ட வேண்டும் என்று தெரிய. இதற்கு 31,000 தனியாக ஆனது. பணத்தில் ஒரு பகுதியை முதல் மழை முடிந்தபின் கொடுத்தால் போதும் என்று அவரே சொன்னதை என்னால் மறக்க முடியாது.

ஒன்று விட்டுப்போனது. பக்கத்து வீட்டில் பிளாஸ்டிக் செப்டிக் டேங்க். அடைமழையில் லாரி வைத்து முழுக்க உறிஞ்சிவிடலாம் என்று நின்றார்கள். பெரியவர் தடுத்தார். மண் ஊறி நிலத்தடி நீர் ஏறியிருக்கும்போது காலி டேங்க் மிதந்து மேலே வந்துவிடுமாம். சுத்தம் செய்வதை மழைக்கு முன்பே செய்துகொள்ளுங்கள்.

அந்தக் காண்ட்ராக்டர் இந்த வாரம் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வேலை பார்க்கிறார். இன்று சாயங்காலம் அந்த வீட்டு அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நாளைக் காலையில் மூடுவதாக இருந்தார்களாம். தண்ணீர் விட்டுப் பார்த்த பிறகுதான் மண் தள்ள விடுவேன் என்று அவர் என் முன்னாலேயே போனில் சொல்லிவிட்டார்.