புனலூரில் வாங்கிய தங்க நிற டிரில் பிட்: சி.பி.யு. பெட்டியை வெட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

மொத்தம் 2,340 ரூபாய். அதில் இன்று வரை எனக்குப் பயன்படுவது 30 ரூபாய் மாஸ்கிங் டேப் மட்டும்தான்.

என் கணினி பழையது. பின்பக்கத்தில் 80 மி.மீ. விசிறி ஒன்றே ஒன்று. சித்திரை வெயிலில் கை வைத்தால் பெட்டியே சுடும். மேல்தகட்டில் வட்டம் வெட்டி 120 மி.மீ. விசிறி பொருத்துவது, பக்கத் தகட்டில் கண்ணாடி போல ஒரு ஜன்னல் வைப்பது என்று முடிவு செய்தேன். மனைவியின் ஊர் கேரளத்தில் உள்ள புனலூர். போன இடத்தில் கடைவீதியில் ஒரு பெரிய டூல்ஸ் கடை கண்ணில் பட்டது. எல்லாவற்றையும் அங்கேயே வாங்கிவிட்டேன்.

மலையாளிக் கடை என்பதால்தான் இப்படி என்று யாரும் பின்னூட்டம் போட வேண்டாம். செங்கோட்டையே 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர். எங்களுக்குப் புனலூர் அயலூர் இல்லை. ஆரியங்காவுக் கணவாய்க்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டிலும் இப்படிப்பட்ட கடைகள் உண்டு.

கடைக்காரர் இனிமையாகப் பேசினார். “அண்ணாச்சி, இது டைட்டானியம் பூச்சு, எச்.எஸ்.எஸ். பிட். இரும்பை வெண்ணெய் போல வெட்டும்” என்று ஸ்டெப் டிரில் மூன்று அடங்கிய செட்டை எடுத்து வைத்தார். எச்.எஸ்.எஸ். என்றால் ஹை ஸ்பீடு ஸ்டீல், சூட்டைத் தாங்கும் எஃகு. 750 ரூபாய். தங்க நிறத்தில் பளபளவென்று இருந்தது. சி.பி.யு. பெட்டியின் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதில் சாதாரண டிரில் பிட்டை வைத்தால் தகட்டைக் கவ்வி இழுத்து, வட்டத்துக்குப் பதில் முக்கோணம் போல ஓட்டை விழும். அதற்குத்தான் படிப்படியாக அகலும் இந்தக் கூம்பு பிட். தேவை சரியானது, வாங்கிய பொருள்தான் தவறு.

வீட்டில் விசிறியின் திருகு ஓட்டைகளைக் குறித்தேன். 120 மி.மீ. விசிறிக்கு ஓட்டைக்கு ஓட்டை 105 மி.மீ. சென்டர் பஞ்சால் புள்ளி அடித்து, அடியில் மரத்துண்டு வைத்து, வேகத்தைக் குறைத்துத்தான் துளையிட்டேன். முதல் ஓட்டை நன்றாக விழுந்தது. இரண்டாவது முனகியது. மூன்றாவதில் பிட்டின் விளிம்பு நீலமாகி, தகட்டின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடி, பெயின்ட்டில் ஒரு நீளக் கீறலைப் போட்டது.

என் கைதான் சரியில்லை என்று நினைத்தேன். எண்ணெய் விடாமல் முதல் ஓட்டையைப் போட்டது என் தவறு, அதை மறைக்கவில்லை. ஆனால் தெருமுனை லேத் பட்டறை அண்ணாச்சி பிட்டை வாங்கி ஒரு தடவை சாணைக் கல்லில் தொட்டார். வெள்ளை வெளேரென்று பொறி பூப்பூவாக வெடித்தது. அடுத்துத் தன் பெட்டியிலிருந்து ஒரு பழைய எச்.எஸ்.எஸ். பிட்டைத் தொட்டார். மங்கலான சிவப்பில் குட்டையாகச் சில கோடுகள், அவ்வளவுதான். “தம்பி, இது வெறும் கார்பன் ஸ்டீல். மேலே தங்க முலாம் மாதிரி பூசியிருக்கிறான். 300 டிகிரி சூடு வந்தாலே பதம் போய்விடும். நல்ல எச்.எஸ்.எஸ். அதற்கு இரண்டு மடங்கு சூட்டையும் தாங்கும்” என்றார். பிட்டின் மேல் எச்.எஸ்.எஸ். என்று பொறித்திருந்ததைக் காட்டினேன். சிரித்தார்.

அடுத்து ஜன்னல். 3 மி.மீ. அக்ரிலிக் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) என்று 1,100 ரூபாய்க்கு ஒரு தகடு. மாஸ்கிங் டேப் ஒட்டி, ஜிக்சா ரம்பத்தால் மெதுவாக வெட்டி, திருகை முடுக்கியதும் மூலையில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். அங்கிருந்து நடுப்பகுதி வரை விரிசல். தென்காசியில் பெயர்ப்பலகை செய்கிற நண்பரிடம் வெட்டிய துண்டைக் காட்டினேன். தரையில் போட்டுப் பார்த்தார். தகரம் போலக் கணீரென்று ஒலித்தது. கொறட்டால் பிடித்து, வாசலில் வைத்து நெருப்புக் காட்டினார். கன்னங்கரேலென்று புகை, நூல் நூலாகக் கரி பறந்தது. அது பாலிஸ்டைரீன் என்ற வேறு பிளாஸ்டிக். அவர் கடையிலிருந்த அக்ரிலிக் துண்டு அதிகப் புகையில்லாமல் எரிந்தது. பாலிஸ்டைரீன் விலையில் மலிவு, எளிதில் நொறுங்கும். படச்சட்டத்துக்கு ஆகும், திருகு போட ஆகாது.

ஜிக்சா பிளேடு கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரும்புக்கு என்று கேட்டதற்கு மரம் அறுக்கும் பெரிய பல் பிளேடு. மெல்லிய தகட்டுக்கு அங்குலத்துக்கு 24 பல்லுக்குக் குறையாமல் வேண்டும். இது தகட்டை உலுக்கி வளைத்துவிட்டது.

எனக்குக் கோபம் வந்தது கிரைண்டர் டிஸ்க்கில்தான். ஐந்து டிஸ்க், 300 ரூபாய். நடுவிலுள்ள உலோக வளையத்தில் மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். அது காலாவதித் தேதி. என்னிடம் தந்தவற்றுக்கு அந்தத் தேதி கடந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. அந்த டிஸ்க் ரெசின் என்ற பசையால் ஒட்டியது. நாளாக நாளாக, ஈரம் பட்டால் இன்னும் சீக்கிரமாக, ஒட்டு பலமிழக்கும். நாலு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்று சுழலும். அந்த வேகத்தில் டிஸ்க் உடைந்தால் துண்டு எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். மற்றது பணத்தோடு போயிற்று, இது கண்ணோடு போகிற காரியம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு மறுபடியும் மலை ஏறி இறங்கினேன். கடைக்காரரிடம் போன வாரத்து இனிமை இல்லை. எண்ணெய் விடாமல் ஓட்டியிருப்பீர்கள் என்றார். டிஸ்க்கின் தேதியைக் காட்டியதும், “அது சும்மா போடுவது” என்றார். சீட்டைத் திருப்பிக் காட்டி, விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று மலையாளத்தில் இருந்த வரியை விரலால் தட்டினார். அப்போதுதான் சீட்டை நானும் ஒழுங்காகப் பார்த்தேன். ஜி.எஸ்.டி. எண் இல்லை, கடையின் பெயர்கூட இல்லை. வெறும் எஸ்டிமேட் சீட்டு. யு.பி.ஐ.யில் அனுப்பிய பணமும் கடைப் பெயருக்குப் போகவில்லை, யாரோ ஒருவரின் சொந்தக் கணக்குக்குப் போயிருக்கிறது.

சீட்டில் என்ன அச்சடித்திருந்தாலும் சட்டம் வேறு சொல்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாதபோது, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்தால் வாங்க மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராததும் அப்படித்தான். வாங்கியது புனலூரில் என்றாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்துக்கான நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம்; 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. நான் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. யு.பி.ஐ. ரசீது, எஸ்டிமேட் சீட்டு, டிஸ்க்கின் படம் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

நீங்கள் வாங்கப் போனால் கடையிலேயே டிஸ்க்கின் வளையத்தைத் திருப்பிப் பாருங்கள். அக்ரிலிக் என்றால் ஒரு சிறு வெட்டுத்துண்டு கேளுங்கள், நல்ல கடைக்காரர் தருவார். டிரில் பிட்டில் நிறத்தைப் பார்க்காதீர்கள். ஒற்றை பிட்டின் விலைக்கு மூன்று தந்தால் சந்தேகப்படுங்கள். முதலில் பில்லைக் கேளுங்கள், பிறகு பணத்தை அனுப்புங்கள்.

லேத் அண்ணாச்சியே கடைசியில் தன் பிட்டால் நாலு ஓட்டையையும் போட்டு, வட்டத்தை வெட்டி, அரத்தால் பிசிறு எடுத்துத் தந்தார். தாய்ப்பலகையை (மதர்போர்டு) முன்கூட்டியே கழற்றிவிட்டீர்களா என்று இரண்டு தடவை கேட்டார். இரும்புத் தூள் ஒன்று உள்ளே விழுந்தாலும் ஷார்ட் ஆகலாம். கூலி வாங்க மறுத்துவிட்டார். விசிறி இப்போது ஓடுகிறது. கீறல் விழுந்த இடத்துக்கு ஸ்பிரே அடிக்க வேண்டும், ஆனால் சாரல் தொடங்கிவிட்டது. இந்த ஈரத்தில் அடித்தால் பெயின்ட் பால் போல வெளுத்துவிடும். ஜன்னல் ஓட்டையில் இப்போதைக்குப் போன வருடத்து நாட்காட்டி அட்டையை ஒட்டி வைத்திருக்கிறேன்.