வேலூரில் சென்டினல் நிணநீர்க் கணு பயாப்சி: ஒரு மதிப்புரை

குடியாத்தத்தைச் சேர்ந்த என் பெரியப்பாவின் முன்கையில் வலியின்றி வேகமாக வளர்ந்த சிவந்த கட்டி, மெர்க்கெல் செல் கார்சினோமா என்னும் அரிய தோல் புற்றுநோய் என்று தெரிந்தபின், அதன் நிலையை அறிய வேலூரில் உள்ள ஒரு மருத்துவமனையில் அவருக்கு சென்டினல் நிணநீர்க் கணு பயாப்சி, அதாவது கட்டியிலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் அக்குள் கணுவை எடுத்துச் சோதிக்கும் அறுவை, செய்யப்பட்டது.

அக்குளில் நெறிக்கட்டி எதுவும் கைக்குத் தட்டுப்படவில்லை, ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. பிறகு அங்கே எதற்குக் கத்தி வைக்க வேண்டும் என்று பெரியப்பா கேட்டார். கணுக்கள் வெளிப்பார்வைக்கு நன்றாக இருக்கும் நோயாளிகளிலும் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இந்நோய் நுண்ணளவில் பரவியிருக்கும் என்றும், அப்படியிருந்தால் கட்டி 2 சென்டிமீட்டருக்குள் இருந்தாலும் நோய் முதல் நிலையில் அல்ல, மூன்றாம் நிலையில் இருப்பதாகவே கொள்ளப்படும் என்றும் அறுவை மருத்துவர் பொறுமையாக விளக்கினார். கட்டியை முதலில் அகலமாக வெட்டிவிட்டால் நிணநீர் ஓடும் வழி மாறிவிடக்கூடும் என்பதால், இரண்டையும் ஒரே அறுவையில் வைத்துக்கொண்டார்கள். கட்டியை எங்கேயாவது அவசரமாக அகற்றிவிட்டுப் பிறகு பெரிய மருத்துவமனைக்கு வருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அறுவைக்கு முன் அணு மருத்துவப் பிரிவில், 6 மணி நேரமே அரை ஆயுள் கொண்ட டெக்னீசியம் 99எம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த மருந்தைக் கட்டியைச் சுற்றி ஊசியால் செலுத்திப் படமெடுத்தார்கள். ஏரிக் கால்வாயின் தண்ணீர் முதலில் பாயும் வயலைப் போல, அந்த மருந்து முதலில் சேரும் கணுவை, கதிர்வீச்சை உணரும் காமா கருவியாலும் நீலச் சாயத்தாலும் கண்டறிந்து எடுத்தார்கள். தழும்பு சிறியதுதான். தையலுக்கடியில் தேங்கிய நீரைப் பின்னர் ஊசியால் எடுத்துவிட்டார்கள்.

குறை என்றால், தகவல் சொல்வதில்தான். சாயத்தால் மறுநாள் சிறுநீர் பச்சையாகப் போகும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் வீடே பதறிப்போனது. அறிக்கை தாமதமான காரணமும் நாங்கள் பலமுறை கேட்ட பிறகே கிடைத்தது. அந்தத் தாமதம் நியாயமானது என்பதையும் சொல்ல வேண்டும்: நுண்ணோக்கியில் பார்க்கக் கணுவுக்கு ஏற்றும் வழக்கமான சாயத்தில் பிடிபடாத சில புற்றுச் செல்கள், சைட்டோகெராட்டின் 20 என்ற புரதத்தைத் தேடும் சிறப்புப் பரிசோதனையில்தான் தெரிந்தன, அதன் பேரில்தான் அக்குளுக்குக் கதிர்வீச்சு முடிவானது.

மருத்துவத் திறனுக்காக இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வெளியூரிலிருந்து வந்து லாட்ஜில் தங்குபவர்கள், சிறப்புப் பரிசோதனை முடிவு எப்போது வரும் என்பதை அறுவைக்கு முன்பே கேட்டு வைத்துக்கொண்டு, அதன்பிறகு காட்பாடியிலிருந்து ரயில் டிக்கெட் எடுப்பது நல்லது.